என் பெயர் போதும்பொண்ணு: அதை மாற்ற எனக்கு உரிமை உண்டா?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து 39 வயதுப் பெண் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் மற்ற அடையாளங்களையும் தவிர்த்து அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

அவர் பெற்றோருக்கு ஐந்தாவது பெண். நான்கு பெண்களுக்குப் பிறகு பிறந்ததால் ‘போதும்பொண்ணு’ என்று பெயர் வைத்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துத் தம்பி பிறந்தார். அந்தப் பெயரின் ராசியால்தான் ஆண் வாரிசு கிடைத்தது என்று குடும்பத்தில் இன்றும் பேசுகிறார்கள். சத்துணவு மைய அமைப்பாளராகப் பணிபுரியும் இவரைக் கணவர் ‘பொன்னி’ என்றே அழைக்கிறார். அண்மையில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தபோது, வருகைப் பட்டியலில் இருந்த தாயின் பெயரை உரக்க வாசிக்க, வகுப்பே சிரித்திருக்கிறது. வீட்டுக்கு வந்த மகள், “உன்னை யாருமே வேண்டாம்னு சொன்னாங்களாம்மா?” என்று கேட்டாளாம். அன்றிரவே பெயரை மாற்றிவிட முடிவு செய்திருக்கிறார்.

ஆனால் தடைகள் பல திசையிலிருந்தும் வருகின்றன. பெயரை மாற்றினால் மகனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று தாய் அழுகிறார். தந்தை சென்ற ஆண்டு உயில் எழுதாமல் இறந்துவிட்ட நிலையில், பெயரை மாற்றினால் நிலத்தில் பங்கு கிடைக்காது, அதற்கு முன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடு என்கிறார் தம்பி. தாலுகா அலுவலகத்துக்கு எதிரே தட்டச்சு செய்பவர், பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பெயரை மாற்றவே முடியாது என்று சொல்லி 15,000 ரூபாய் கேட்டிருக்கிறார். தமிழாசிரியர் ஒருவர், “போது என்றால் பூ, உங்கள் பெயர் அழகான பெயர்தான்” என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். குப்பம்மாள், பிச்சையம்மாள் போலப் பாசத்தில் வைத்த பெயர் அது என்கிறார் உறவினர் ஒருவர். கடைசியாக அவர் கேட்பது இது: “என் அப்பா என்னை வெறுத்தாரா?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பெயரை மாற்றிக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதற்குத் தாயின் சம்மதமோ, தம்பியின் சம்மதமோ, கணவரின் கையெழுத்தோகூடச் சட்டப்படி தேவையில்லை. ஒருவருடைய பெயர் அவருடைய அடையாளத்தின் பகுதி என்றும், அதைத் தானே தீர்மானிக்கும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ), 21 ஆகிய பிரிவுகளின் பாதுகாப்புக்குள் வருகிறது என்றும், பள்ளிச் சான்றிதழில் பெயர் மாற்றக் கோரிய ஒரு மாணவியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் கூறியிருக்கிறது. அந்த உரிமைக்கு நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்பதையும் அதே தீர்ப்பு ஏற்கிறது. எனவே பெயரை மாற்றலாமா என்ற கேள்விக்குப் பதில் தெளிவானது. எந்த வரிசையில், எந்த நேரத்தில் மாற்றுவது என்பதில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும்.

அதற்கு முன், உங்கள் கடிதத்தின் கடைசிக் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். சட்டக் கேள்விகளை எல்லாம் வரிசையாக எழுதிவிட்டு, ஓரத்தில் சிறிய எழுத்தில் நீங்கள் எழுதிய கேள்வி அது. அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

பெயர் எங்கிருந்து வந்தது

உங்கள் ஆசிரியர் சொன்ன சொற்பொருள் சரியானது. மலரும் நிலையில் இருக்கும் அரும்பைப் ‘போது’ என்பது பழந்தமிழ் வழக்கு. “காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி மாலைமலரும்” என்று 1227ஆம் குறளில் அந்தச் சொல்லை நீங்களே பார்க்கலாம். ஆனால் உங்கள் பெயரில் இருப்பது அந்தச் சொல் அன்று. ‘இது போதும், இனி வேண்டியதில்லை’ என்று நாம் அன்றாடம் சொல்லும் வினைச்சொல்தான் அது. உங்களை ஆறுதல்படுத்த நினைத்தவரின் நல்ல மனத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் நாற்பது வயதை நெருங்கும் ஒரு பெண்ணுக்குப் பொய்யான ஆறுதலைவிட உண்மை பயன்படும் என்று நம்புகிறேன்.

உங்கள் உறவினர் சொன்ன ஒப்பீடும் பொருந்தாது. குப்பம்மாள், குப்புசாமி, பிச்சை போன்ற பெயர்களின் பின்னணி வேறு. அடுத்தடுத்துப் பிறந்த பிள்ளைகள் இறந்துபோன வீடுகளில், புதிதாகப் பிறந்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்து, அல்லது தவிட்டுக்கு விற்றதாகப் பாவனை செய்து திரும்ப வாங்கி, மதிப்பற்றது போன்ற ஒரு பெயரை வைப்பார்கள். கண்ணேறும் எமனும் அந்தப் பிள்ளையைக் கவனிக்காமல் கடந்துபோக வேண்டும் என்பது நம்பிக்கை. தெலுங்கில் பெண்ட்டம்மா, கன்னடத்தில் திப்பம்மா என்ற பெயர்களும் குப்பைமேட்டைக் குறிக்கும் சொற்களிலிருந்து இதே காரணத்தால் வந்தவை. அந்தப் பிள்ளை எப்படியாவது பிழைக்க வேண்டும் என்று தவித்தவர்கள் வைத்த பெயர்கள் அவை.

போதும்பொண்ணு, போதுமணி, திருத்தணி வட்டாரத்துக் கிராமங்களில் வழங்கும் ‘வேண்டாம்’ ஆகியவை வேறு வகை. வரிசையாகப் பெண் பிறந்த வீட்டில், கடைசிப் பெண்ணுக்கு இப்படிப் பெயர் வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்பது நம்பிக்கை. குலதெய்வத்தின் காதில் விழட்டும் என்று வைத்த வேண்டுதல் அது. வேண்டுதல் தெய்வத்துக்கு, அதைச் சுமந்தது மட்டும் நீங்கள். இதில் உள்ள அநீதியை நான் மழுப்ப விரும்பவில்லை. பெண்ணைச் செலவாகவும் ஆணை வரவாகவும் கணக்கிட்ட ஒரு சமூகம், தன் ஏமாற்றத்தை ஒரு பச்சிளங்குழந்தையின் மேல் எழுதி வைத்தது. இது நம் ஊரோடு முடிவதும் இல்லை. துருக்கியில் பெண்களுக்கு வைக்கப்படும் ‘யெத்தெர்’ என்ற பெயருக்கும் ‘போதும்’ என்றே பொருள். மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தில் ‘வேண்டாதவள்’ என்று பொருள்படும் ‘நகுசா’ என்ற பெயரோடு வாழ்ந்த 285 சிறுமிகளுக்கு, 2011ஆம் ஆண்டு அக்டோபரில் மாவட்ட நிர்வாகமே விழா எடுத்துப் புதிய பெயர் சூட்டியது. அந்தச் சிறுமிகள் தங்கள் புதிய பெயர்களைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள் என்ற செய்தியைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்றும் நினைவில் இருக்கிறது.

அப்படியானால் உங்கள் தந்தை உங்களை வெறுத்தாரா? ஒரே ஓர் ஆவணத்தை வைத்து எந்த நீதிமன்றமும் தீர்ப்பு எழுதாது. பெயர் என்பது நீங்கள் பிறந்த வாரத்தில் உருவான ஆவணம். அந்த வாரத்தில் அந்த வீட்டில் இருந்த அச்சத்துக்கும், ஊராரின் பேச்சுக்கும், ஐந்து பெண்களை எப்படிக் கரையேற்றுவது என்ற மலைப்புக்கும் அது சாட்சி. அதன் பிறகு நடந்தவற்றையும் உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். அக்காமார் நால்வரும் எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. உங்களை மட்டும் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கவைத்தார். மழைக்காலத்தில் ஓடையைக் கடக்க உங்களைத் தோளில் தூக்கிப் போனார். அவையும் சாட்சிகள்தாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்து நீங்கள் எந்த முடிவுக்கு வந்தாலும் அது உங்கள் முடிவு. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: பெயரை மாற்றுவதற்கு முதலில் அவரை மன்னித்தாக வேண்டும் என்பதில்லை, அவர் மேல் கோபம் கொண்டாக வேண்டும் என்பதும் இல்லை.

உங்கள் தாயின் அச்சத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தந்தையின் விந்தணு எக்ஸ் குரோமோசோமைக் கொண்டுவருகிறதா, ஒய் குரோமோசோமைக் கொண்டுவருகிறதா என்பதே தீர்மானிக்கிறது. உங்கள் பெயருக்கும் தம்பியின் பிறப்புக்கும் தொடர்பில்லை, அவருடைய நலத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் எழுபது வயது மூதாட்டியிடம் குரோமோசோம் பற்றிப் பேசி வெல்ல முடியாது. பெண் பெற்றதற்காக ஊரின் ஏச்சை அதிகம் கேட்டவர் அவராகத்தான் இருப்பார். குலதெய்வக் கோயிலில் ஒரு பொங்கல் வைத்து, அவர் வாயாலேயே புதிய பெயரைச் சொல்லி அழைக்கச் செய்ய முடியுமானால், அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அவர் மறுத்தாலும் உங்கள் விண்ணப்பம் நிற்கத் தேவையில்லை.

நீதிமன்றம் போக வேண்டியதில்லை

வயது வந்த ஒருவர் தமிழ்நாட்டில் பெயர் மாற்றிக்கொள்வதற்கு வழக்குத் தொடர வேண்டியதில்லை. சென்னை அண்ணா சாலையில் உள்ள எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறைக்கு உரிய படிவத்தில் விண்ணப்பித்து, தமிழ்நாடு அரசிதழில் அறிவிப்பு வெளியிடச் செய்வதே வழி. படிவம் அத்துறையின் இணையதளத்தில் கிடைக்கிறது. பழைய பெயர், புதிய பெயர், பிறந்த தேதி, சொந்த மாவட்டம், முகவரி, மாற்றத்துக்கான காரணம் ஆகியவற்றை நிரப்பி, புகைப்படம் ஒட்டி, உரிய அலுவலரின் சான்றொப்பத்தோடும் ஆவண நகல்களோடும் அனுப்ப வேண்டும். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் விண்ணப்பிக்கும் நாளில் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அது உங்களிடம் கேட்கப்பட்ட 15,000 ரூபாய்க்கு அருகில்கூட வராது.

வீட்டில் பிறந்ததால் உங்கள் பிறப்பு பதிவாகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது தடையல்ல. பிறந்த தேதி குறிக்கப்பட்ட பள்ளி மாற்றுச் சான்றிதழோ பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழோ போதுமானது. பெயர் மாற்றத்துக்காகவே புதிதாகப் பிறப்புப் பதிவு செய்ய முயன்று அலைய வேண்டாம். இடைத்தரகர்கள் மூலம் போகவும் வேண்டாம். போலியான அரசிதழ்ப் பக்கத்தை நம்பி ஆதார் மையத்தில் நின்று திகைப்பவர்கள் உண்டு.

பழைய சான்றிதழ்கள் என்ன ஆகும்?

நீங்கள் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். அரசிதழ் அறிவிப்பு உங்கள் கடந்த காலத்தை அழிப்பதில்லை. ‘இதுவரை இந்தப் பெயரால் அறியப்பட்டவர் இனி இந்தப் பெயரால் அறியப்படுவார்’ என்று இரண்டையும் இணைக்கிறது. ஆகவே உங்கள் திருமணப் பதிவு செல்லும், மதிப்பெண் சான்றிதழ் செல்லும், பணி நியமன ஆணை செல்லும். அவற்றைக் காட்ட வேண்டிய இடங்களில் அரசிதழ்ப் பக்கத்தையும் சேர்த்துக் காட்டுவீர்கள், அவ்வளவே. அறிவிப்பு வெளியானதும் அதில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று அன்றே பாருங்கள்.

அடுத்து ஆதாரை மாற்றுங்கள். பெயரை முழுமையாக மாற்றுவதற்கு அரசிதழ் அறிவிப்போடு பழைய பெயரிலுள்ள அடையாளச் சான்றும் வேண்டும். ஆதாரில் பெயரைப் பொதுவாக வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். முன்பே ஒருமுறை எழுத்துத் திருத்தம் செய்திருந்தால் உங்களுக்கு மீதமிருப்பது ஒரே வாய்ப்பு. அதற்குப் பிறகு பான் அட்டை, வங்கிக் கணக்கு, படிவம் 8 மூலம் வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை என்று போகலாம். நீங்கள் அரசிடம் ஊதியம் பெறுபவர் என்பதால், ஆதாருக்கும் வங்கிக்கும் போவதற்கு முன்பே மேலதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவித்து ஒப்புகை பெறுங்கள். பணிப்பதிவேட்டில் புதிய பெயர் ஏறிவிட்டதை உங்கள் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். பெயர் பொருந்தாமல் ஒரு மாத ஊதியம் நின்றால், அதைச் சரிசெய்ய மூன்று மாதம் ஆகும்.

மகளின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் பழையபடியே இருக்கும். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தவறாகவோ முறையற்றோ செய்யப்பட்ட பதிவைத் திருத்தவே வழி செய்கிறது. மகள் பிறந்த அன்று உங்கள் பெயர் அதுதான் என்பதால் அந்தப் பதிவில் தவறில்லை. அதை விட்டுவிடுங்கள். மகள் இப்போது படிக்கும் பள்ளியின் பதிவேட்டில் உங்கள் புதிய பெயரைச் சேர்க்குமாறு அரசிதழ் நகலுடன் தலைமையாசிரியரிடம் விண்ணப்பிக்கலாம். அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் தயாராவதற்கு முன் அதைச் செய்வது நல்லது.

நிலமும் தம்பியும்

உங்கள் தம்பி சொல்வது முற்றிலும் தவறு. வாரிசுரிமை பிறப்பால் வருவது, பெயரால் வருவதில்லை. தந்தையின் சுயசம்பாத்திய நிலமாக இருந்து அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் தாய்க்கும் ஆறு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஏழு சம பங்குகள். பூர்வீக நிலம் என்றால், 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மகளும் மகனைப் போலவே பிறப்பால் பங்குரிமை உடையவர். திருத்தம் வந்தபோது தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டும் என்பதுகூடத் தேவையில்லை என்று 2020ஆம் ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பதிவான பாகப்பிரிவினையோ, நீதிமன்ற ஆணைப்படியான பாகப்பிரிவினையோ, நிலத்தின் விற்பனையோ நடந்திருந்தால் நிலைமை மாறும். அப்படி ஏதும் நடந்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. எதற்கும் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நேரம் குறித்து ஓர் எச்சரிக்கை தேவை. தந்தையின் வாரிசுச் சான்று இன்னும் வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இப்போதுள்ள பெயரிலேயே, ஆதாரில் உள்ள அதே எழுத்தமைப்பில் முதலில் வாங்கிவிடுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் சில மாதங்களுக்குள் பதிவாகும் என்ற நிலை இருந்தால், அது முடிந்த பிறகு பெயரை மாற்றுவதே என் பரிந்துரை. வாரிசுச் சான்றில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறு பெயரும் இருந்தால் சார்பதிவாளர் கேள்வி கேட்பார், அதைத் தம்பி தாமதத்துக்குச் சாக்காக்குவார். வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். பெயரை மாற்றிக்கொண்டு, பத்திரத்தில் ‘போதும்பொண்ணு என்கிற’ என்று பழைய பெயரையும் சேர்த்து எழுதி, அரசிதழ் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டால் சட்டச் சிக்கல் இல்லை.

எந்த நிலையிலும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடாதீர்கள். அது பதிவாகிவிட்டால், ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கினார்கள் என்று உரிமையியல் நீதிமன்றத்தில் நிரூபித்துத்தான் மீள வேண்டியிருக்கும். பெயரும் நிலமும் வேறு வேறு விஷயங்கள். ஒன்றைத் தருகிறேன், மற்றதை விட்டுக்கொடு என்ற பேரத்துக்கு இதில் இடமே இல்லை.

புதிய பெயர்

எண்கணிதம் பார்த்து மூன்று பெயர்களைக் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்றும், கணவர் அழைக்கும் ‘பொன்னி’யும் மனத்தில் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். தேர்வு உங்களுடையது. என்னைக் கேட்டதால் சொல்கிறேன்: அந்த மூன்று பெயர்களில் ஒன்றால்கூட இதுவரை உங்களை யாரும் அழைத்ததில்லை. பொன்னி என்று பல ஆண்டுகளாக உங்களை அன்போடு அழைக்கும் ஒருவர் வீட்டில் இருக்கிறார். காவிரிக்கு வழங்கும் பழைய பெயர் அது. ஊராரும் பழைய பெயரிலுள்ள ‘பொண்ணு’ என்ற பகுதியிலிருந்து எளிதாக அதற்கு மாறிவிடுவார்கள்.

உங்கள் ஆவணங்களில் பழைய பெயர் ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பதை நீங்கள் அனுப்பிய நகல்களில் பார்த்தேன். ஓரிடத்தில் ஒரே சொல்லாகவும், ஓரிடத்தில் இரண்டு சொற்களாகவும், வங்கியில் முதல் எழுத்தே வேறாகவும் இருக்கிறது. புதிய பெயரின் ஆங்கில எழுத்துகளையும், தலைப்பெழுத்து முன்னால் வருமா பின்னால் வருமா என்பதையும் அரசிதழ் விண்ணப்பத்தை நிரப்பும் முன்பே ஒரு தாளில் எழுதி வைத்து, எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்துங்கள். விண்ணப்பத்தில் பழைய பெயரின் மூன்று வடிவங்களையும் குறிப்பிட இடம் தருகிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஆதாரில் உள்ள வடிவத்தை எழுதி, மற்ற இரண்டும் உங்களையே குறிக்கும் என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழி ஆவணம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மகளிடம் இதையெல்லாம் மறைக்க வேண்டாம் என்பது என் கருத்து. பதினான்கு வயதுப் பெண்ணுக்கு இந்தப் பெயரின் கதை புரியும். எங்கிருந்து வந்தது, ஏன் வைத்தார்கள், அம்மா ஏன் மாற்றுகிறாள் என்று நீங்களே சொல்லுங்கள். விண்ணப்பத்தை நிரப்பும்போது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்துகளைச் சரிபார்க்க அவள் உதவுவாள்.

நிலப் பங்கு தொடர்பாகத் தம்பியிடமிருந்து அழுத்தம் தொடர்ந்தால், உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். போகும்போது தந்தையின் இறப்புச் சான்றிதழ், நிலத்தின் பட்டா நகல், வில்லங்கச் சான்று, உங்கள் பள்ளி மாற்றுச் சான்றிதழ் ஆகிய நான்கையும் எடுத்துச் செல்லுங்கள்.